தடிக்காத கை

போன வருடம் மழைக்காலம். ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் எனக்கு வேலை. அங்கே நின்றால் தும்மலும் இழுப்பும் ஆளைக் கொல்லும். ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டில் இருந்தால் மூச்சு லேசாகிவிடும். ஆனால் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நம்பவில்லை. நான் நடிக்கிறேனாம்! "டவுன்ல டெஸ்ட் எடுப்போம். தூசு ஒத்துக்கலன்னு வந்தா, மேல கொழுந்து வாட்டுற எடத்துக்கு மாத்துறேன். இல்லாட்டி சலிக்கத்தான் போகணும்" என்றார்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. கடையில் சீனி வாங்கினாலும் கண் தராசிலேயே இருக்கும். தோட்டத்து வேனில், தோட்டம் ஏற்பாடு செய்த டாக்டரிடம் போக, டீமேக்கர் ஐயாவே கூட வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? போதாததற்கு இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். எல்லாம் பேசி வைத்துக்கொண்ட வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் என் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்தினார். ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் அந்த இடம் கொசு கடித்தது போலத் தடிக்குமாம். காத்திருந்தோம். ஒன்றுகூடத் தடிக்கவில்லை. பச்சைத் தண்ணீரைத் தொட்டு வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று வயிறு எரிந்தது. "பாத்தியா, ஒண்ணுமில்ல. நாளைக்கே சலிக்க வந்துரு" என்று டீமேக்கர் ஐயா எழுந்துவிட்டார். மறுபடி அந்தத் தூசுக்குள்ளா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் மட்டும் என் கையை விடவில்லை. கடைசிச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யார் கையில் வைத்தாலும் தடிக்க வேண்டிய சொட்டாம். அதுவே தடிக்காவிட்டால் மற்றதையும் நம்ப முடியாது என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் விளக்கிவிட்டுக் கேட்டார்: "அக்கா, ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?"

மருந்தையே தொடவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

"தும்மலுக்கு?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து தும்மலை நிறுத்தும் சின்னக் குளிசைகளைக் காட்டினேன். சலிக்கும் அறையில் எல்லாப் பொம்பளைகளின் முடிச்சிலும் அது இருக்கும். வெற்றிலை மாதிரி மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வோம். அதை யாரும் மருந்தென்று நினைத்ததே இல்லை. டாக்டர் முன்னால் தும்மினால் வெட்கம் என்று, அன்று காலையிலும் வேனில் ஒன்று போட்டிருந்தேன். அந்தக் குளிசைதான் தடிப்பை அமுக்கிவிட்டதாம்.

டாக்டர் குளிசையை நிறுத்தச் சொல்லி, மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து தந்து, பிறகு திரும்ப வரச் சொன்னார். எங்கள் அறைத் தூசையும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். அவரிடம் இருந்த சொட்டுகளில் தேயிலைத் தூசே இல்லையாம். அடுத்த முறை அந்தத் தூசு வைத்த இடம் நன்றாகத் தடித்தது. அரிப்புக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அப்போதும் அவர் திருப்திப்படவில்லை. வேலை நாளிலும் லீவு நாளிலும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, வேலை நாளில் மூச்சு குறைவதைப் பார்த்த பிறகுதான், "இவங்கள மாத்துங்க" என்று டீமேக்கர் ஐயாவிடம் சொன்னார்.

இப்போது மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறேன். சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். நான் அந்த டாக்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர் தன் டெஸ்டையே சந்தேகப்பட்டார். அவருடைய அந்தச் சந்தேகத்தால்தான் இன்றைக்கு நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.