பெரட்டு மணி

இரத்தினபுரியில் அரசாங்கக் கச்சேரி உண்டு, நீதிமன்றம் உண்டு, பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அடையாள அட்டை எடுப்பதானாலும் பாம்பு கடித்தாலும் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனம் அங்கேதான் ஓடவேண்டும். அந்த நகரத்தால் எங்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது. பஸ் நிலையத்தில் இரண்டு பேர் கைகலந்து, ஒருவன் சிங்களவனாகவும் மற்றவன் தமிழனாகவும் இருந்துவிட்டால், மிச்ச அடி நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, வந்து சேரும்.

அந்த முறை பொழுது சாயும்போதே, கும்பல் கிளம்பிவிட்டது என்று சேதி வந்துவிட்டது. அடுப்பில் கொதித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ரப்பர் மலைக்குள் ஏறினோம். அப்பா பால் வெட்டும் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார். மேலேயிருந்து பார்த்தபோது லயம் எரிந்தது. அடைத்துவைத்த கோழிகள் கதறின. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. நான் கத்திவிடுவேன் என்று அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தார்.

விடியும்போது பெரட்டு மணி அடித்தது. தோட்டத்து ஆபீஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டு அது. அது அடித்தால் எல்லாரும் களத்தில் வந்து நிற்கவேண்டும். நின்றால்தான் கணக்கப்பிள்ளை பேர் போடுவார், பேர் விழுந்தால்தான் வேலை; முழு நாள் கூலிக்கு முழுப் பேர், அரை நாளுக்கு அரைப் பேர். மணி அடிக்கிறதென்றால் தோட்டத்தை நடத்தும் துரை வந்துவிட்டார், கலவரம் அடங்கிவிட்டது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மணி அடிச்சிருச்சே புள்ள. போகாம எப்படி?" என்றார் அப்பா.

மணியை அடித்தது லயத்தை எரித்தவர்கள்தான். அவர்களில் சிலர் எங்களோடு பால் வெட்டியவர்கள். எங்களை எது வெளியே இழுக்கும் என்று அவர்களுக்கா தெரியாது? களத்தில் முதலில் போய் நின்றவர் அப்பா. பொல்லால் தலையில் அடித்தார்கள். அடுத்து வந்தது கத்தி. கையை உயர்த்தித் தடுத்தார். வலது கை மணிக்கட்டோடு போனது. பின்னால் இறங்கியவர்கள் அலறியடித்துக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஆட்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்பா கண் திறக்கச் சில நாள் ஆனது. கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அன்னைக்குப் பேர் போட்டாங்களா?"

அம்மா அவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்க்காமல் பதில் சொன்னார். "முழுப் பேர் போட்டிருக்காங்க."

அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று அந்தக் களத்தில் பேர் போடக் கணக்கப்பிள்ளையே இல்லை.