வாழையிலை வாங்கப் போன நாள்

என் அக்கா டென்மார்க் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் பல வருடம் விளையாடினார். சுவீடனிலும் போய் விளையாடினார். போன பங்குனியில் ஹேர்னிங்கில் அவருடைய கடைசி ஆட்டம் முடிந்ததும் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். டேனிஷில் பலருக்கு நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் தமிழில், "அப்பா, வாழையிலைக்கு நன்றி" என்றார். மண்டபத்தில் அது விளங்கியது எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான். அப்பா காது கேட்காதவர் போல இருந்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்த வாழையிலை நாளில் எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. அப்பா விட்டுவந்த ஊரில் அவருடைய ஒரே அண்ணன், எங்கள் பெரியப்பா, இறந்துபோனார். அங்கே சண்டை நேரம். அப்பாவால் போக முடியவில்லை. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் எட்டாம் நாள் சடங்கை, எட்டுச் செலவை, எங்கள் வீட்டிலேயே செய்தோம். பக்கத்து ஊர்களான இக்காஸ்டிலிருந்தும் கிரின்ஸ்டெட்டிலிருந்தும் சனம் காரில் வந்து வீட்டை நிறைத்தது. எல்லோரும் அழுதார்கள். அப்பா மட்டும் கதிரை போட்டுக்கொண்டும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டும் திரிந்தார்.

அன்றுதான் நாட்டின் இளம் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் நாள். ஐந்து வருடம் ஆண் பிள்ளைகளோடு இடிபட்டு விளையாடிய அக்கா அதற்காகவே காத்திருந்தார். ஆனால் போகிறேன் என்று கேட்கவில்லை. அவருடைய விளையாட்டுப் பை நடையில் கிடந்தது. அதன் வியர்வை நாற்றத்தை இக்காஸ்ட் மாமி பிடித்துவிட்டார்.

"செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை பொம்பிளைப் பிள்ளைக்கு ஐஸிலை தடி பிடிக்கிற விளையாட்டோ?"

அக்கா குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தார்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "பையை உன்ரை அறைக்குக் கொண்டுபோய் யன்னலாலை வெளியிலை தள்ளு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்க, வாழையிலை படைக்க மட்டும்தான் இருக்கிறது, எல்லோருக்கும் காணாது, கடைக்குப் போய் வருகிறேன், உதவிக்குப் பிள்ளைகளும் வரட்டும் என்றார். பை என்னைவிடப் பாரம். தலையால் முட்டித் தள்ளினேன். அது விழுந்த சத்தத்தில் முன்னறையில் அழுகை ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

கார் கடையைத் தாண்டி ஐஸ் மண்டபத்தில் போய் நின்றது. அக்கா அன்று கோல் எதுவும் போடவில்லை. இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் விழுந்த வேகத்திலேயே எழும்பிப் போனார். பயிற்சியாளர் எதையோ எழுதிக்கொண்டார்.

"அண்ணையும் இப்பிடித்தான்," என்றார் அப்பா. "விழுந்தால் கிடக்கமாட்டார்."

ஜாக்கெட்டை மறந்து வெறும் சேட்டோடு வந்திருந்தார். தோள்கள் நடுங்கின. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. ஏன் என்று கேட்டேன்.

"குளிர் கண்ணுக்கை போகுது."

என் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தச் சின்னத் தொப்பியைக் கண்வரை இழுத்து மூடிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அப்படியே இருந்தார்.

அக்காவை அணிக்கு எடுத்துவிட்டார்கள். அந்தச் சந்தோசத்தில் கடைப்பக்கமே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி எங்கள் வெறும் கைகளைப் பார்த்தார். அக்காவின் சிவந்த கன்னத்தையும் பார்த்தார். எல்லோருக்கும் கடதாசித் தட்டில்தான் சோறு. அக்காவின் தட்டில் மட்டும் மாமி இரண்டு மீன் துண்டு வைத்தார்.

"வடிவாச் சாப்பிடு பிள்ளை. இலை வாங்கிக் களைச்சுப்போனாய்."

கையலம்பப் போகும்போது அப்பா தொப்பியைத் திருப்பித் தந்தார். அதன் விளிம்பு நனைந்திருந்தது. பனி பட்டிருக்கும் என்று நினைத்து, இரண்டு தரம் உதறிப் போட்டுக்கொண்டேன்.