கல்யாண ஊர்வலம் என்று நினைத்தார்கள்

நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்த முதல் கோடையில், சனிக்கிழமை பிற்பகல்களில் திடீரென்று ஹாரன் சத்தம் கேட்கும். ஒரு கார் இல்லை, பத்துப் பதினைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல் அடித்துக்கொண்டு போகும். மற்ற நாட்களில் இங்கே ஹாரன் என்பது கிட்டத்தட்ட ஒரு கெட்ட வார்த்தை. அதனால் ஏதோ விபத்து, இல்லாவிட்டால் கலவரம் என்று நினைத்து நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். வயிற்றில் குழந்தை இருந்த காலம், எதற்கும் பயம். கீழ்வீட்டு மார்த்தின்தான் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி விளக்கினார். கல்யாணமாம். மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்துகொண்டு வரும் பெண் மாப்பிள்ளையின் பின்னால், உறவுக்காரர்கள் இப்படி ஹாரன் அடித்துக்கொண்டே போவது பிரான்சில் வழக்கமாம். புதுச்சேரிக் கடற்கரையில் நாங்கள் மேரி கட்டடம் என்று சொல்கிற வெள்ளைக் கட்டடம் ஞாபகத்துக்கு வந்தது. அதன் வாசலில் எத்தனையோ முறை கடலை வாங்கித் தின்றிருக்கிறேன், யாரும் ஹாரன் அடித்துப் பார்த்ததில்லை. மார்த்தினிடம் சிரித்துவைத்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்துவிட்டவர்களுக்கும் நான் சொல்லப்போவது அந்த ஹாரனால் வந்த வினையைப் பற்றி.

என் கணவரின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் குடியுரிமையின் வால் பிடித்து முதலியார்பேட்டையிலிருந்து நானும் இங்கே வந்தேன். எங்கள் குடியிருப்பின் முன்னால் போவது, பாரிசிலிருந்து தெற்குக் கடல்வரை ஓடும் பழைய நாசியோனால், அதாவது தேசிய நெடுஞ்சாலை. ஒரு காலத்தில் விடுமுறைக்குப் போகிற நாடே இந்த வழியாகத்தான் போனதாம். பிறகு ஊருக்கு வெளியே அதிவேகச் சாலை வந்ததும் இது ஓய்ந்துவிட்டது. வழியில் இருந்த சாப்பாட்டுக் கடைகளில் பாதி மூடிக்கிடக்கின்றன. இந்தச் சாலையைக் கொண்டாட வேண்டும் என்று ஊர்மக்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். பழைய கார்கள், அக்கார்டியன் இசை, அதோடு சாலை நெடுகக் கேட்பெட்டிகள். பஸ் நிறுத்தத்திலோ மூடிய பெட்ரோல் பங்கிலோ நின்று பொத்தானை அழுத்தினால் ஒரு லாரிக்காரரோ, பரிசாரகப் பெண்ணோ தன் கதையைச் சொல்வார். இடையிடையே இசை. மார்த்தின் அதற்குப் பொறுப்பு. எல்லோரும் ஏதோ ஒரு சாலை வழியாகத்தான் இங்கே வந்தோம், உன் சாலையையும் சொல் என்று என்னிடம் கேட்டார்.

என் சாலை என்றால் கடலூர் சாலைதான். சொல்லலாமா என்று நான் நிறைய யோசித்தேன். இவர்கள் சாலைக்கு அழகான கதைகள் இருக்கின்றன. எங்கள் சாலையில் ரயில்வே கேட் மூடினால் புழுதியும் புகையும்தான். ஆனால் அந்தச் சாலையில் என் சித்தப்பா இருந்தார். புதுச்சேரி கடலூர் தனியார் பஸ்ஸின் டிரைவர். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்து என்னையும் தம்பி கார்த்தியையும் வளர்த்தவர். நான் விமானம் ஏறக் கிளம்பிய காலை அவருக்கு டூட்டி. சென்னைக்கு வர முடியாது. ஆட்கள் நிறைந்த பஸ்ஸை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். என் தலையில் கை வைத்தபடி நின்றார். கண்டக்டர், "அண்ணே, டைமிங் போவுது" என்று கத்தினார். ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர், "யோவ், பொண்ண அனுப்புறதுன்னா லீவு போட்டுட்டு அனுப்பக்கூடாதா? நான் கடலூர் கோர்ட்டுக்குப் போவணும்" என்றார். சித்தப்பா திரும்பிப் பார்க்காமலே, "கோர்ட்டு அங்கயேதான் கெடக்கும், பெரியவரே. இது போனா எப்ப வருமோ" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் அழுதேன். அவரை நான் நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

இந்தக் கதையை என் உடைந்த பிரெஞ்சில் மார்த்தினுக்குப் பேசிப் பதிவு செய்தேன். அதனுடன் சேர்க்கச் சாலையின் சத்தங்கள் வேண்டும் என்றார். கார்த்தியிடம் கேட்டேன். அவன் சில பதிவுகளை அனுப்பினான். என் மகள் மித்ராவுக்கு அப்போது காய்ச்சல். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தை மட்டும் கேட்டேன். வண்டிச் சத்தம், கேட் மணி, பூக்காரியின் குரல். போதும் என்று எல்லாவற்றையும் அப்படியே அனுப்பிவிட்டேன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். அதை மட்டும் முழுதாகக் கேட்கவில்லை.

திறப்பு விழா மூடிய பெட்ரோல் பங்கில் நடந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்கள். என் கதையை நன்றாகச் சுருக்கியிருந்தார்கள். சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார், பெரியவரின் கோர்ட் இல்லை. பிறகு கடலூர் சாலை. வண்டிகள், மணி. அதன்பின் மேளம். எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த அடி தெரியும், அது சாவு மேளம். கூடவே வரிசையாகப் பஸ் ஹாரன்கள், நீளமாக, ஒன்று ஓய்ந்தால் அடுத்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் முகம் மலர்ந்து தாளத்துக்குக் கை தட்டினார்கள். ஒரு வயதான தம்பதி ஆடவே தொடங்கினார்கள். எங்கேயோ யாரோ செத்ததைக் கார்த்தி இப்படியா அனுப்பிவைப்பான் என்று எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. அப்புறம் என் அம்மாவின் குரல் கேட்டது.

"கடலூரு ரோட்டு மேல காத்தாட்டம் போனவனே, காத்திருக்கும் வாசலுக்குக் காலெடுத்து வைக்கலியே. கடல் தாண்டிப் போன மக, கைப்புள்ளக்காரி அவ, என்னன்னு சொல்லுவேன் நான், எப்படித்தான் மறைப்பேன் நான்."

பாட்டு அடங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். மார்த்தின் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அழகான கல்யாணப் பாட்டு, உங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலம்தானே என்று கேட்டார். நான் "வி" என்றேன். ஆமாம் என்று. அவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது வேறு என்ன சொல்வது? மித்ராவைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு மிச்சமும் புரிந்தது.

மித்ரா பிறந்து இரண்டாவது மாதம் சித்தப்பா இறந்திருக்கிறார். தூக்கத்திலேயே. அந்த வழித்தட டிரைவர்கள் முதலியார்பேட்டையில் பஸ்களை வரிசையாக நிறுத்தி, உடல் கடந்து போகும்வரை ஹாரன் அடித்திருக்கிறார்கள். அன்று காலை அம்மா என் கணவரை அழைத்து, என்னிடம் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதன்பிறகு ஏறத்தாழ ஒரு வருடம். வாரம் தவறாமல் நான் வீடியோவில் சித்தப்பா எங்கே என்று கேட்பேன். டூட்டிக்குப் போயிருக்கிறார் என்பார்கள். பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் இல்லாதது யாருக்குச் சந்தேகம் தரும்? அவர் தொழிலே இவர்களுடைய பொய்க்குத் துணை நின்றது. மித்ரா குப்புறக் கவிழ்ந்த படத்தை, முதல் பல் தெரியும் படத்தை அவர் எண்ணுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் வந்தது. அது கார்த்தியின் விரல். பொங்கல் வைத்துவிட்டு, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, சித்தப்பாவுக்குத் தனியாக ஒன்று அனுப்பினேன். என்னைச் சிரித்த முகத்தோடு பொங்கல் வைக்க விட்டுவிட்டு, இதோ இந்த வீட்டில் என் கணவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் நெய் கேட்டார்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "பச்ச ஒடம்பு. அங்க ஆளில்லாம தனியா கெடக்குற. சொல்லியிருந்தா பால் வத்திப் போயிருக்கும்" என்றார். பால் மறந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்றேன். "எப்ப சொல்றது? தூக்கமில்லன்னு அழுத. அப்பறம் புள்ளைக்கு ஜொரம்னு அழுத. நீ எப்பதான் பதட்டமில்லாம இருந்த?" என்றவர், "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான் தீட்டு. அது தானா கழிஞ்சிருக்கும், விடு" என்றார். கார்த்தி பிறகு தனியாக அழைத்தான். "ஒருநாள் நீ கேப்பன்னுதான் ரெக்கார்ட் பண்ணி வெச்சேன்க்கா. வாயால சொல்ல முடியல. மத்ததோட சேத்து அனுப்பிட்டேன். கேட்டுட்டு போன் பண்ணுவன்னு தெனம் போனையே பாத்துனு இருந்தேன்." நான் போனை வைத்துவிட்டேன். அவனும் பயந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். ஆனால் அத்தனை கட்டைவிரல்களை அனுப்ப முடிந்தவனுக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? நான் இவ்வளவு பயந்தவளாக இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களோ என்றும் தோன்றுகிறது. உடனே, இதிலும் குற்றத்தை என் மேலேயே போட்டுக்கொள்கிறேனே என்று கோபம் வருகிறது. என் கணவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், அன்று செய்தி வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், இந்தச் சாலையோரம் நின்று அழுதாராம். "என்னாலயும் தாங்க முடியலம்மா" என்றார். அவருக்கு அழக் கிடைத்த இடம் கூட எனக்குக் கிடைக்கவில்லை.

மார்த்தினிடம் உண்மையைச் சொன்னபோது அவர் நடுங்கிப்போனார். அந்த ஹாரன்களை அவர் கல்யாணம் என்று நினைத்ததில் தப்பென்ன இருக்கிறது? அவர்கள் வழக்கம் அது. பதிவை இன்றே எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்கவேண்டாம் என்றேன், ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்த கல்யாணப் பாட்டு என்பதை அழித்து, சித்தப்பாவின் பெயரையும், புதுச்சேரி கடலூர் பஸ் ஓட்டுநர், காலமானார் என்பதையும் எழுதச் சொன்னேன். என் பங்குக்கு நான் செய்ய முடிந்த காரியம் அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் மித்ராவுடன் புதுச்சேரி போனேன். சாவுக்குப் பிந்தி வருகிற பெண்ணை வாசலிலேயே கட்டிப்பிடித்து, கூடச் சேர்ந்து அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நினைப்பில்தான் ஆட்டோவை விட்டு இறங்கினேன். அம்மா என் வாயில் கை வைத்தார். "வருச தெவசமெல்லாம் முடிஞ்சிபோச்சி. இப்ப அழுதா வீட்டுக்கு ஆவாது." மாடி அறை வாடகைக்கு விடப்பட்டிருந்தது. சித்தப்பா படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை. அண்டை வீட்டுப் பெண்கள் மித்ராவின் கன்னத்தைக் கிள்ளி, இது அவங்க சின்னத் தாத்தா ஜாடை என்று சிரித்தார்கள். அவர்களுடைய துக்கம் முடிந்துவிட்டது. எனக்கு அது இனிமேல்தான்.

மூன்றாம் நாள் மதியம், கார்த்தி வேலைக்குப் போயிருந்தான். மித்ரா அம்மாவின் மடியில் தூங்கினாள். போனில் அந்தப் பதிவை எடுத்து, இதைக் கேட்டுப் பார் என்று அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். நான் பிடிவாதமாக நீட்டியபடி இருந்ததால் இயர்போனின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். மற்றொன்று என் காதில். மேளம் வந்தது. குரல் வந்ததும், "யாரு இது, நல்லா அழுவுறா" என்றார். அடுத்த வரியில் அவருக்கே தெரிந்துவிட்டது. கடல் தாண்டிப் போன மக என்ற இடம் வரும்போது என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். ஒரு பார்வை போதும் என்று இருந்தது. பார்க்கவில்லை. மித்ராவின் நெற்றியைத் தடவிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். அவர் தாடை மட்டும் ஆடியது.

"சத்தத்தக் கொற. கொழந்த முழிச்சிக்கும்" என்றார்.

நம் இருவர் காதுக்குள் மட்டும் கேட்கிற சத்தத்துக்குக் குழந்தை எப்படி விழிக்கும் என்று நான் கேட்கவில்லை. குறைக்கவும் இல்லை. என் ஒரு காதில் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு காதில், வாசலுக்கு வெளியே, கடலூர் பஸ் ஒன்று நின்று, ஏறுகிறவர்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தது.