சிவப்பைக் கண்டு பயந்தவர்கள்

கல்யாணத்தன்று நான் உடுத்த சிவப்புக் கூறைச்சேலையின் தலைப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் இருக்கிறது. போன வருடம் மே பதினேழாம் திகதி, நோர்வேயின் தேசிய நாளில், மோர்டென்ஸ்ருட்டில் உள்ள முதியோர் இல்லத்தில் கிழிந்தது. கிழித்தவர் எங்கள் பழைய சமையலறைத் தலைவி.

ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பெரிய சமையலறையில். வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி வந்த அந்தப் பெண்தான் அங்கே எல்லாருக்கும் மேலே. எங்கள் இருவருக்கும் இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழி. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் இன்று என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. பால் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, முதலாவதைச் சுண்டிவிடுவார். "ஒரு நாடு சிவப்பாய்ப் போனா பக்கத்து நாடும் போயிடும் எண்டு பயந்துதான் வெளிநாட்டு ஆமி கடல் தாண்டி எங்களிட்டை வந்தது. நாடு என்ன பால் பெட்டியே, ஒண்டு விழ மற்றதும் விழ?" என்று சிரிப்பார். பெட்டி உடைந்து சிந்தினால் துடைப்பது நாங்கள்தான்.

ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் சொன்னார். அண்ணனின் கல்யாணத்துக்காக வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவர்கள் வழக்கத்திலும் கல்யாணத்துக்குச் சிவப்புத்தான். கட்டியது, அப்போது சிறுமியாக இருந்த இவர். கம்யூனிசத்தைத் தடுக்க வந்த படைக்கு அது செங்கொடியாகத்தான் பட்டது, மணவீடு என்று தெரியவில்லை. மாப்பிள்ளை உடுப்போடு அண்ணனைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. எங்கள் ஊருக்கும் ஒருகாலம் அயல்நாட்டுப் படை வந்தது. காரணம் வேறு, கதவை உதைத்த சத்தம் ஒன்றுதான்.

இப்போது அவருக்கு மறதி நோய். எல்லாம் போய், அந்த ஒரு நாள் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. நோய் அவ்வளவு தூரம் முற்றிவிட்டதை அறியாமல், தேசிய நாளுக்கு நம்மவர்கள் பட்டுடுத்துவதுபோல நானும் கூறையைக் கட்டிக்கொண்டு போன வருடம் அவரைப் பார்க்கப் போனேன்.

"அவிழ்! கெதியா அவிழ்! அவங்கள் வாறாங்கள், அண்ணா உள்ளை நிக்கிறான்!" என்று தலைப்பைப் பிடித்து இழுத்தார். யன்னலுக்கு வெளியே, நோர்வேயின் சிவப்புக் கொடிகளோடு பிள்ளைகளின் ஊர்வலம். எத்தனையை நான் அவிழ்ப்பேன்? திரையை இழுத்து மூடிவிட்டு, படுக்கை விரிப்பால் உடம்பைப் போர்த்திக்கொண்டு அவர் காலடியில் இருந்து அழுதேன்.

இந்த வருடம் வெள்ளைச் சேலையை எடுத்தேன். "இஞ்சேரும், நான் உயிரோடை இருக்கேக்கை உமக்கேன் உந்த வெள்ளை?" என்று கணவர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு விளக்கம் சொல்லப் பொறுமையில்லாமல் வெளிக்கிட்டுப் போனேன்.

இல்லத்துக்குப் போனதும் முதலில் யன்னல் திரையை மூடினேன். தலைவி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். எங்கும் சிவப்பில்லை. அப்பாடா, இந்த வருடம் தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு அவர் என் சேலையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அவர்கள் ஊரிலும் சாவீட்டுக்கு வெள்ளைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிந்திட்டமோ?" என்று கேட்டார். "அண்ணாவைக் கொன்றுபோட்டாங்களோ?"

கூறை அலுமாரியில் கிழிசலோடு தொங்குகிறது. வெள்ளைச் சேலை அதன் பக்கத்தில். இனி எந்த நிறத்தில் அவர் முன்னால் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.