டா நாங்கிலிருந்து வந்த ஒற்றைப் பயணி

லாய் யாரையும் சட்டென்று நம்பமாட்டாள். படகிலேயே பிறந்தவள். ஆற்றில் குடியிருந்த குடும்பங்களை அரசாங்கம் கரையேற்றி வீடு கொடுத்தபோதும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். கணவன் இறந்தபின் டிராகன் தலை வைத்த படகைத் தானே ஓட்டினாள். ராஜாக்களின் பழைய தலைநகரான ஹுவேக்கு வரும் பயணிகளை அரண்மனைக்கும், பகோடா என்னும் புத்தர் கோயில்களுக்கும் கொண்டுபோய்க் காட்டித்தான் மகள் சுவாங்கைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது டா நாங் நகரத்தில் வேலை பார்க்கிறாள்.

தூறல் விழுந்த ஒரு காலையில் வயதானவர் ஒருவர் முழுப் படகையும் தனக்கே பேசி ஏறினார். பெயர் கோவாட், ஊர் டா நாங் என்றார். தனி ஆளுக்கு முழுப் படகு எதற்கு என்று அப்போதே அவளுக்கு உறுத்தியது.

ஏழடுக்குக் கோபுரப் பகோடாவில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போன வேகத்தில் திரும்பினார். அரண்மனையிலும் அப்படியே. ஆனால் படகில் அடுப்பையும், சாமி மாடத்தில் இருந்த கணவன் படத்தையும் விடாமல் பார்த்தார்.

"வீட்டுக்காரர் குடிப்பாரா அக்கா?"

"எப்பவாவது." லாய் தூண்டில் போட்டாள். "சிம்மாசன மண்டபம் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அது பூட்டிக் கிடக்கே, பழுது பார்க்கிறாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது.

"பொண்ணு ஒண்ணுதானா?" என்று பேச்சை மாற்றினார்.

மகள் இருப்பதை லாய் அவரிடம் சொல்லவே இல்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று பெண்பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிப்போனவர்களும் இப்படித்தான் இனிக்க இனிக்க விசாரித்தார்கள். நடு ஆற்றில் இயந்திரத்தை நிறுத்தினாள். துழாவும் கழியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ராஜா வீட்டைப் பார்க்க வந்தீங்களா, என் வீட்டைப் பார்க்க வந்தீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாது அக்கா," என்றார் கோவாட்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். அவர் மகனும் சுவாங்கும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். பெண் வீட்டார் படகுக்காரர்கள் என்று கேள்விப்பட்டு, எப்படிப்பட்டவர்கள் என்று யாருக்கும் தெரியாமல் பார்க்க வந்தாராம்.

லாய் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீங்க எங்க வீட்டை வேவு பார்க்க வந்துடுவீங்கன்னு பயந்தாளாம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் கரையில் இறக்கும்போது அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கத் தவறவில்லை.

அடுத்த வாரமே சொல்லாமல் டா நாங்குக்குப் பேருந்து ஏறினாள். அவர்கள் தெரு முனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் துருவினாள். எதுவும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மறுபடியும் ஒருமுறை போய்வந்தாள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சங்கிலியைத் தெரிந்த தட்டானிடம் காட்டிய பிறகுதான் சுவாங் கழுத்தில் போட விட்டாள். சுவாங் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"விடும்மா," என்றார் கோவாட். "நானா இருந்தா ரெண்டு தட்டான்கிட்ட காட்டியிருப்பேன்."