மேடையில் ஓர் அட்டைப் பெட்டி

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள், நீளமான பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு நான் பதறி ஓடியபோதுதான் டெய்லரக்கா எனக்கு முதன்முதலில் அறிமுகமானார், அதுவும் அவர் வீட்டு அடுப்படியில். சமையல் மேடை முழுக்கத் துணியை விரித்து, வாயில் குண்டூசியைக் கவ்வியபடி, "அளவு பேன்ட் எங்க?" என்றார். தையல் மெஷின் கூடத்தில். வெட்டுவது மட்டும் இங்கே. நின்றபடி வெட்ட அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. தரையில் குனிந்து வெட்டினால் இடுப்பு அவரைச் சும்மா விடாது.

அந்த மேடைக்குத்தான் ஏர் ஃபிரையர் ரூபத்தில் ஆபத்து வந்தது.

அக்காவின் நாத்தனார் ஒன்று வாங்கிவிட்டாள். வாங்கினவள் சும்மா இருந்தாளா? வெந்தது வேகாததையெல்லாம் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். கொரியர் வண்டி ஓட்டும் அந்த அண்ணனுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, சிக்னலுக்கு சிக்னல் நாக்கில் எச்சில் ஊறியது.

"பொரிக்க எண்ணெயே வேணாமாம்மா!"

"எண்ணெய் வேணாம், சரி. இடமும் வேணாமா?"

"மேடை ஓரமா வெச்சிக்கலாம். நீ கட்டில்ல வெட்டிக்கயேன்."

"மெத்தையில கத்தரி ஓட்டினா காலர் கோணிக்கும். அதை நீங்க போட்டுக்கிட்டுப் போவீங்களா?"

நாத்தனார் போனில் வந்தாள். "அண்ணி, காலத்துக்கேத்த மாதிரி மாறணும்."

"நான் மாறிடுவேன்மா. மேடை மாறாதே, அது கல்லாச்சே!"

விடிந்தால் இதே பேச்சு, விளக்கு வைத்தால் இதே பேச்சு. அக்காவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. புதுத் துணியில் கத்தரி வைக்குமுன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். இதற்கும் அதையே செய்தார். ஏர் ஃபிரையரின் அளவைக் கேட்டு, அதே அளவில் அட்டைப் பெட்டி செய்து மேடையில் வைத்தார்.

"ஒரு வாரம் இதுதான் மெஷின். நகர்த்தக்கூடாது. என்னால வெட்ட முடிஞ்சா வாங்கலாம்."

வீட்டுக்காரர் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். மறுநாளே அதன்மேல் ஹெல்மெட், சாவி, சார்ஜர் எல்லாம் குடியேறின.

அந்த வாரம்தான் ஒரு நர்ஸ் தன் கோட்டுக்குத் துணி கொடுத்தார். துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் கோட்டின் இரண்டு கைகளையும் எடுப்பார் அக்கா. வலதும் இடதும் தானே அமைந்துவிடும். இப்போது மடித்த துணி மேடை விளிம்பில் தொங்க, அடி மடிப்பு நழுவிக்கொண்டே இருந்தது. சலித்துப்போய் ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டாவதுக்குக் காகித மாதிரியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். தைக்க உட்கார்ந்தால், இரண்டும் இடது கை! மிச்சத் துணியும் போதவில்லை.

"உள்பக்கத்தை வெளிய திருப்பித் தெச்சா ஆகாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆகும். ஒரு கை பளபளன்னு, ஒரு கை மங்கலா. முதல்ல நீங்க ஒரு செருப்பைக் கவுத்துப் போட்டு நடந்து காட்டுங்க."

நர்ஸ் வந்தபோது அக்கா மறைக்கவில்லை. வெட்டியதை விரித்துக் காட்டினார். "உங்களை நம்பித்தானேக்கா குடுத்தேன்" என்றார் நர்ஸ். அதோடு போய்விட்டார். அக்கா அடுப்படியிலேயே நின்றார்.

வீட்டுக்காரர் ஹெல்மெட்டை எடுத்தார். பெட்டியைக் கீழே இறக்கி மிதித்துத் தட்டையாக்கினார். "தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"சொல்லுங்க. அப்படியே அந்த போட்டோவையும் நிறுத்தச் சொல்லுங்க."

அவர்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஏர் ஃபிரையர் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர் தங்கை வீட்டில் சாப்பிடுகிறார். நர்ஸ் வேறு டெய்லரிடம் கொடுக்கிறாராம். அக்கா இப்போது அதே மேடையில் பள்ளிச் சீருடை வெட்டிக்கொண்டிருக்கிறார்.