வலைப்பக்கம் திரும்பிய மெஷின்

வீட்டிலேயே வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்ய நினைக்கிறவர்கள், இரும்பு அறுக்க எந்த மெஷின் வாங்கலாம் என்று என்னைக் கேட்பார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பில் முப்பது வருடம் விபத்து அறிக்கை எழுதியவள் என்கிற மரியாதை. பொறி பறக்கும் திசையில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று விதியை ஒப்பிப்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு விலையை விசாரிப்பார்கள்.

எங்கள் அப்பாவுக்கு அந்த விதியை ஒப்பிக்க ஆள் இல்லை.

பழவேற்காட்டில் எங்களுக்கும் மாமாவுக்கும், அதாவது அம்மாவின் தம்பிக்கும், ஒரே முற்றம். மாமா ஏரியில் மீன் பிடித்தார். அப்பா ஏரியை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஷிப்ட் முடிந்த நேரத்தில் முற்றத்தின் ஓரத்தில் கேட் செய்தார். கை ரம்பத்தால் அறுத்து அறுத்துத் தோள்பட்டை போன பிறகு, மெஷின் வாங்குவது என்று முடிவாயிற்று.

இரண்டு வகை இருந்தன. ஒன்று பவர் ஹேக்சா. பிளேடு முன்னும் பின்னும் போய் வரும். சத்தமும் குறைவு, அவசரமும் குறைவு. மற்றது, வட்டக் கல் சுழலும் கட்டிங் மெஷின். குழாயை இரண்டாக்க ஒரு மூச்சு நேரம் போதும். கடையில் முதலாவதைப் பார்த்த மாமா, "இன்னா மச்சான், இது அறுக்குதா, தூங்குதா?" என்றார்.

"உன்னாட்டம் தூங்கிகினே வேல செய்யுது," என்றார் அப்பா. ஆனாலும் வாங்கியது கல் மெஷினைத்தான்.

முதல் நாள் சாயங்காலம், பொறி சுவரில் பட்டு விழும்படி அதை வைத்தார். சரியான முறை. எனக்குப் பொறி தெரியவில்லை என்று அழுதேன். எனக்கு ஒன்பது வயது. அவர் சிரித்துக்கொண்டே மெஷினைத் திருப்பினார். பொறி முற்றத்தின் குறுக்கே பாய்ந்தது. பாவாடையைச் செருகிக்கொண்டு குதித்தேன்; நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எதிரே கழியில் மாமாவின் நைலான் வலை தொங்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமாவின் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஊரில் ஆளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். தவறவிட்டால் அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விடியற்காலையில் மாமா வலையை விரித்தார். விரல் நுழையும் ஓட்டைகள், கையே நுழையும் ஓட்டைகள். அன்றைக்குள் தைத்து முடிகிற வேலை இல்லை. அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்து ஓர் ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நண்டு கட்ச்சி வெச்சிருக்குது மச்சான். உடு."

நானும் நண்டைத் திட்டினேன். கடிபட்ட நூல் பிய்ந்து நிற்கும். உருகிய நூலின் முனை கடுகு போல உருண்டு கெட்டியாகிவிடும். இந்த மாதிரி நுணுக்கங்களைப் பின்னாளில் அறிக்கைகளில் எழுதிப் பாராட்டும் வாங்கினேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அந்த வாரமே அப்பா கல் மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்குகிற மெஷினை வாங்கி வந்தார். வெட்டு சுத்தமாக இருக்கும் என்று காரணம் சொன்னார். அதுவும் உண்மைதான். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மாமாவின் பாடு மறுபடி வந்தபோது அப்பா வேலைக்குப் போகவில்லை. மாமாவோடு படகில் ஏறி, கழி ஊன்றி, நாள் முழுக்க வலை இழுத்தார். வந்த மீனில் பங்கு எடுக்கவில்லை. அதற்கடுத்த பாட்டுக்கும் போனார், அதற்கும் அடுத்ததற்கும் போனார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கம்பெனிக்கு லீவு விட்டிருக்கிறார்கள், எங்கப்பா ஜாலியாக மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.